காதுக்கு முன்னால 'டக்' எண்டு சத்தம், தாடை நோ: பல்லை அராவ விடலாமோ?

தங்கச்சி, நீங்கள் எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன். எட்டு மாசமா வலப்பக்கக் காதுக்கு முன்னால வாய் திறக்கேக்க 'டக்' எண்டு சத்தம், நோ வந்தது கடைசி ஒரு மாசமாத்தான், காலமை எழும்பேக்க தாடை இறுகிக் கிடக்கு, காது டொக்டர் பார்த்திட்டு காதில ஒண்டும் இல்லை எண்டிட்டார், ஒரு பல் டொக்டர் உயரமா நிக்கிற பல்லுகளை அராவி விட்டால் சரி எண்டுறார், இன்னொரு இடத்தில கடி, அதாவது மேல்பல்லும் கீழ்பல்லும் பொருந்திற விதம், பிழை, கம்பி போடவேணும் எண்டு பெரிய தொகை ஒண்டு சொல்லியிருக்கினம், மாமி சென்னைக்குப் போய் ஒப்பறேசன் செய்யச் சொல்லுறா. இதில ஆரை நம்புறது எண்டு கேட்டிருக்கிறியள். எனக்கு விளங்கின அளவில நீங்கள் கேக்கிறது இதுதான்: பல்லுப் பிடுங்கி, ஓட்டை அடைச்சுக்கொண்டிருக்கிற ஒரு சாதாரண பல் டொக்டருக்கு இந்த மூட்டு வருத்தத்தைப் பார்க்கத் தெரியுமோ, தெரியுமெண்டால் அவர் என்ன செய்தால் சரி, என்ன செய்ய வெளிக்கிட்டால் கதிரையை விட்டு எழும்பி வரவேணும்.

நான் பேராதனையில படிச்சு வந்து இருபது வருசத்துக்கு மேல யாழ்ப்பாணத்தில பல் வைத்தியம் செய்யிறன். தாடை மூட்டில விசேட நிபுணர் இல்லை, நீங்கள் கேக்கிற அந்த சாதாரண பல் டொக்டர்தான். உங்கட வாயைப் பார்க்காமல், கை வைச்சு அமத்திப் பார்க்காமல் உங்களுக்கு இதுதான் வருத்தம் எண்டு என்னால சொல்ல ஏலாது, அப்பிடி ஃபோனில சொல்லுற ஆரையும் நம்பவும் வேண்டாம். ஆனால் இந்த வருத்தத்தோட வாறவையை எப்பிடிப் பார்க்கவேணும் எண்டதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லலாம், அதில எங்கட ஆக்கள் விடுற பிழையளையும் சேர்த்து.

முதல்ல உங்கட ரெண்டு காதுக்கும் முன்னால விரலை வைச்சு வாயை மெதுவாத் திறந்து பாருங்கோ. உருண்டையா ஒண்டு அசையிறது தெரியும், அதுதான் கீழ்த்தாடையின்ர தலை. கதவுப் பிணைச்சல் மாதிரி அது நிண்ட இடத்தில சுத்துறது மட்டுமில்லை, வாய் இன்னும் திறக்கத் திறக்க குழிக்குள்ள இருந்து முன்னுக்கு வழுக்கி வரும். உடம்பில இப்பிடிச் சுத்தவும் வழுக்கவும் செய்யிற மூட்டு கனக்க இல்லை, அதுவும் இடமும் வலமும் ஒரே எலும்பில இருக்கிறதால ஒரு பக்கம் தனிய வேலை செய்யவே ஏலாது. தலைக்கும் குழிக்கும் நடுவில சின்னத் தட்டு ஒண்டு, மெத்தை மாதிரி, தலையோட சேர்ந்து வழுக்கவேணும். அந்தத் தட்டு கொஞ்சம் முன்னுக்கு நழுவிப்போனால் வாய் திறக்கேக்க தலை அதின்ர விளிம்பைத் தாண்டித் திரும்பத் தட்டுக்குக் கீழ போய் இருக்கும், அந்த நேரம்தான் 'டக்' எண்டு கேக்கும். காதுக்கும் மூட்டுக்கும் நடுவில இருக்கிற இடைவெளி கொஞ்சம்தான், ரெண்டுக்கும் உணர்ச்சி கொண்டு போற நரம்பிலயும் பங்கு இருக்கு, அதாலதான் மூட்டு நோவை காது நோ எண்டு நினைச்சு முதல்ல காது டொக்டரிட்டப் போறது. நீங்கள் அப்பிடிப் போனதில பிழை ஒண்டும் இல்லை, காது சரி எண்டு தெரிஞ்சதே பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

இனி முக்கியமான விசயம். சத்தம் வேற, நோ வேற. நோவில்லாமல், வாய் முழுசாத் திறக்க ஏலுமெண்டால், சத்தம் மட்டும் கேக்குது எண்டதுக்காக வைத்தியமே தேவையில்லை. இது என்ர சொந்த அபிப்பிராயமில்லை, இந்தத் துறையில கிட்டத்தட்ட எல்லாரும் ஒத்துக்கொண்ட விசயம். ஒரு வருத்தமும் இல்லாத ஆக்கள் கனபேரிட்ட இந்தச் சத்தம் இருக்கு, வருசக்கணக்கா அப்பிடியே இருந்திட்டுப் போகும். நோ எண்டு வாறவையிலயும் பெரும்பாலானவைக்கு நோ மூட்டுக்குள்ள இல்லை, மூட்டை இழுக்கிற தசையிலதான். கன்னத்தில பல்லைக் கடிச்சால் புடைச்சு வாற தசை, நெத்திப்பொட்டில விசிறி மாதிரி இருக்கிற தசை, உள்ளுக்குள்ள கைக்கு எட்டாத ரெண்டு. உங்களுக்கு காலமை எழும்பேக்க இறுகிக் கிடக்கு எண்டு எழுதினது என்னை அந்தப் பக்கம்தான் யோசிக்க வைக்குது, இரவில பல்லை இறுக்கிறதோ நெறுமுறதோ இருக்கலாம். இருக்கலாம் எண்டுதான் சொல்லுறன்.

அப்ப ஒரு சாதாரண பல் டொக்டர் என்ன செய்யவேணும்? முதல் வேலை, வாயைத் திறக்கச் சொல்லுறதுக்கு முன்னம் வாயைத் திறந்து கதைக்க விடுறது. எப்ப தொடங்கினது, காலமை கூடவோ பின்னேரம் கூடவோ, சாப்பிடேக்கயோ கொட்டாவி விடேக்கயோ, எப்பவாவது வாய் பூட்டுப் போட்ட மாதிரி நிண்டதோ, விழுந்தோ அடிபட்டோ இருந்ததோ, கிட்டடியில நீளமா வாய் திறந்து வைச்சு பல்லு வேலை செய்ததோ, வேற மூட்டுகள் நோகுதோ, என்ன மருந்து குடிக்கிறியள், நித்திரை எப்பிடி, வீட்டில என்ன நிலமை. பிறகு ஒரு சின்ன அடிமட்டம், மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் இடையில வைச்சு எத்தினை மில்லிமீற்றர் திறக்குது எண்டு அளக்கவேணும். சாதாரணமா 40 மில்லிமீற்றருக்கு மேல திறக்கும். அடிமட்டம் இல்லாட்டில் உங்கட சொந்த விரல் மூண்டை நிமித்தி அடுக்கி வைச்சுப் பாருங்கோ, மூண்டும் போனால் பெரும்பாலும் பிரச்சினையில்லை. திறக்கேக்க நாடி நேரா இறங்குதோ ஒரு பக்கம் சரியுதோ எண்டு பார்ப்பம். அதுக்குப் பிறகு விரலால அமத்திப் பார்க்கிறது. தசைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ பாரம் வாற மாதிரி, மூட்டுக்கு அதிலும் குறைவா. நான் தொடக்கத்தில இதை வடிவா விளங்கிக்கொள்ளேல்லை: அமத்தினால் ஆருக்கும் கொஞ்சம் நோகும்தான், அதால 'நோகுதோ' எண்டு கேக்கிறதில பிரயோசனமில்லை. 'நீங்கள் எந்த நோவுக்கு என்னட்ட வந்தியளோ அதே நோதானோ இது' எண்டு கேக்கவேணும். 2014 இல சர்வதேச அளவில எழுதின நோய் கண்டுபிடிக்கிற முறையில அதுதான் அடிப்படை. அந்த ஒரு கேள்வியால எனக்கு எத்தினையோ பேரில வழி திறந்திருக்கு.

பல்லையும் விடக்கூடாது. வெடிச்ச கொடுப்புப் பல்லு, ஆழமான சொத்தை, பாதி முளைச்ச ஞானப்பல்லைச் சுத்தின வீக்கம், இதெல்லாம் தாடை நோ மாதிரியே நடிக்கும். பெரிய எக்ஸ்ரே ஒண்டு, முழுத் தாடையும் தெரியிறது, தேவைப்பட்டால் எடுக்கலாம், ஆனால் அதில எலும்புதான் தெரியும், நான் சொன்ன தட்டுத் தெரியாது. தட்டைப் பார்க்க எம்.ஆர்.ஐ. வேணும், அது எல்லாருக்கும் எடுக்கிற சாமான் இல்லை. வந்தவுடன எம்.ஆர்.ஐ. எழுதுறதும் பிழை, அமத்திப் பார்க்காமல் எக்ஸ்ரேயை மட்டும் பார்த்திட்டு 'மூட்டுத் தேஞ்சுபோச்சு' எண்டு பயப்பிடுத்திறதும் பிழை.

இதுக்குள்ள தப்பவிடக் கூடாத சில வருத்தம் இருக்கு, உங்களுக்குப் பெரும்பாலும் பொருந்தாது எண்டாலும் இதை வாசிக்கிற மற்ற ஆக்களுக்காக எழுதுறன். எங்கட ஊரில வெத்திலை பாக்குப் போடுற ஆக்களுக்கு, பக்கற்றில வாற பாக்குத் தூள் போடுற இளம் பெடியளுக்கு, வாய் வரவர திறக்க ஏலாமல் போகும், உறைப்பு வைச்சால் எரியும், கன்னத்துக்கு உள்பக்கம் வெளிறிக் கயிறு மாதிரி இறுகும். அது மூட்டு வருத்தம் இல்லை, பாக்கால வாற தோல் இறுக்கம், பிறகு புற்றுநோயா மாறக்கூடியது. அவையிட்ட தாடைக்கு அப்பியாசம் சொல்லி அனுப்பிற டொக்டர் பெரிய தீமை செய்யிறார். ஐம்பது வயசுக்கு மேல புதுசா நெத்திப்பொட்டில தலையிடி, சப்பச் சப்ப தாடை களைச்சு நோகுது, விட்டால் சுகம், கண் மங்குது எண்டால் அது இரத்தக் குழாய் அழற்சியா இருக்கலாம், அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேணும், பிந்தினால் பார்வை போகும். படி ஏறேக்க மட்டும் தாடை நோகுது எண்டால் இதயத்தைப் பாருங்கோ. சத்தி நிக்கிறதுக்குக் குடுக்கிற மெற்றோகுளோபிரமைட் எண்ட குளிசையால இளம் பிள்ளையளுக்கு திடீரெண்டு தாடை இழுத்துக்கொண்டு போறதும் உண்டு, அதுக்கு மருந்து இருக்கு, குடிச்ச குளிசையைச் சொன்னாலே காணும். காய்ச்சலோட வீக்கம், கன்னத்தில மரத்துப்போறது, வளருற கட்டி, இதெல்லாம் வீட்டில வைச்சுப் பார்க்கிற விசயமில்லை.

இதெல்லாம் இல்லை, தசைதான் அல்லது தட்டுக் கொஞ்சம் நழுவியிருக்கு எண்டால், வைத்தியத்தில பெரும்பங்கு வீட்டிலதான் நடக்கும். இதைச் சொன்னால் ஆக்களின்ர முகம் விழுந்துபோறதைக் கண்டிருக்கிறன், 'இவ்வளவு தூரம் வந்தது இதுக்கோ' எண்ட மாதிரி. ஆனால் இதுதான் வேலை செய்யுது. சும்மா இருக்கேக்க மேல்பல்லும் கீழ்பல்லும் தொடவே கூடாது. உதடு மூடியிருக்கும், பல்லு விலகியிருக்கும், நாக்கு மேல் அண்ணத்தில முன்பல்லுக்குப் பின்னால மெதுவாத் தொட்டுக்கொண்டிருக்கும். இப்ப இதை வாசிக்கேக்க உங்கட பல்லு தொட்டுக்கொண்டிருக்கோ எண்டு பாருங்கோ. கனபேர் கொம்பியூட்டருக்கு முன்னால, மோட்டச்சைக்கிளில போகேக்க, சோதனைக்குப் படிக்கேக்க தெரியாமலே கடிச்சுக்கொண்டிருப்பினம். சின்னக் கடதாசித் துண்டு ஒண்டை ஃபோனில ஒட்டி வைச்சு, கண்ணில படேக்கயெல்லாம் பல்லை விடச்சொல்லி நான் சொல்லுறனான்.

சாப்பாட்டில ரெண்டு மூண்டு கிழமை தாடைக்கு ஓய்வு. புட்டு, இடியப்பம் சொதியோட, குழைஞ்ச சோறு, கூழ், தயிர், மீன் எல்லாம் தாராளமா. கச்சான், முறுக்கு, பனாட்டு, கணவாய், எலும்போட இறைச்சி, பச்சை மாங்காய் எல்லாத்தையும் தள்ளி வைக்கவேணும், எல்லாத்தையும் விட முக்கியமா புழுக்கொடியல். நல்லூர்த் திருவிழா முடிஞ்ச கிழமையில கச்சானைச் சப்பிச் சப்பித் தாடை உளைஞ்சு வந்த ஆக்களை நான் பார்க்காத வருசம் இல்லை. அதுக்காக வாழ்நாள் முழுக்கக் கரைச்சுக் குடிக்கச் சொல்லேல்லை, நோ அடங்க மெல்ல மெல்லப் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பவேணும், தசைக்கும் வேலை வேணும். கொட்டாவி வந்தால் கையை மடக்கி நாடிக்குக் கீழ குடுங்கோ. ஒரு பக்கம் மட்டும் சப்புற பழக்கம், நகம் கடிக்கிறது, தோளுக்கும் காதுக்கும் நடுவில ஃபோனைச் செருகிக் கதைக்கிறது, கையில நாடியை ஊண்டிக்கொண்டு இருக்கிறது, இதுகளையும் விடுங்கோ.

துவாயைச் சுடுதண்ணியில நனைச்சுப் பிழிஞ்சு கன்னத்திலயும் நெத்திப்பொட்டிலயும் 15 நிமிசம், ஒரு நாளைக்கு ரெண்டு மூண்டு தரம், பிறகு விரலால வட்டமா உரஞ்சி விடுங்கோ. நாக்கை அண்ணத்தில வைச்சபடியே வாயை மெதுவாத் திறந்து மூடுறது, ஒரு தரத்துக்கு ஆறு, ஒரு நாளைக்கு ஆறு தரம். நாக்கு அண்ணத்தை விடாதபடியால் வாய் அளவுக்கு மேல திறக்காது, நாடியும் நேரா இறங்கப் பழகும். நோ கூடவெண்டால் ஐபுபுரூபன் 400 மில்லிகிராம் சாப்பிட்டாப் பிறகு, நாளைக்கு மூண்டு தரம், ஒரு கிழமைக்குக் கிட்ட, அதுவும் வயித்துப் புண், சிறுநீரக வருத்தம், ஆஸ்மா, கர்ப்பம் இதொண்டும் இல்லாட்டில் மட்டும். காய்ச்சல் ஒண்டு சேர்ந்திருந்தால் அதைத் தொடவே வேண்டாம், மாரியில எங்கட பக்கம் டெங்கு, பனடோலோட நில்லுங்கோ. தசை தளர்த்திற குளிசையை சில இரவுக்குக் குடுக்கிறனான், மாசக்கணக்கா இல்லை. பழைய நோ ஆகிப்போனவைக்கு அமிற்றிப்றிலின் 10 மில்லிகிராம் இரவில குடுக்கிறதும் உண்டு, அது மனநோய்க்கு எண்டு ஃபார்மசியில சொன்னால் பயப்பிடாதேங்கோ, இந்த அளவில அது நோவுக்கும் நித்திரைக்கும்தான்.

இப்ப பிளேட்டைப் பற்றி, இரவில பல்லுக்கு மேல போடுற உறை, நைற் கார்ட். இதில உறுதியானது எது, சந்தேகமானது எது எண்டு பிரிச்சுச் சொல்லவேணும். பல்லு நெறுமுற ஆக்களுக்கு அது பல்லுத் தேயாமல் காக்கும், இது உறுதி. நெறுமுறதை நிப்பாட்டும் எண்டது பிழை, நெறுமுறவர் பிளேட்டிலயும் நெறுமுவார், அதில காயம் விழுறதைப் பார்த்தால் தெரியும். நோவைக் குறைக்குமோ எண்டதில ஆராய்ச்சியள் ஒத்துப்போகேல்லை. மூண்டு மாசத்துக்கு மேல இருக்கிற தாடை நோவுக்கு 2023 இல பி.எம்.ஜே. எண்ட பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில வந்த வழிகாட்டி, அப்பியாசம், பிசியோதெறப்பி, மனப்பயிற்சி, நோயாளிக்கு விளங்கப்படுத்திறது இதுகளைத்தான் உறுதியாப் பரிந்துரைச்சது, கழட்டிப் போடுற பிளேட்டைக் கூட கொஞ்சம் தயங்கி வேண்டாம் எண்ட பக்கத்திலதான் வைச்சது. என்ர கதிரையில இருந்து பார்க்கேக்க சிலருக்கு அது நல்லா உதவியிருக்கு, அதால நான் முழுசாக் கைவிடேல்லை, ஆனால் முதல் நாளே அளவு எடுக்கிறேல்லை. மூண்டு நாலு கிழமை வீட்டு வைத்தியம், பிறகும் காலமை நோ நிக்குது எண்டால் செய்யலாம். செய்யிறதெண்டால் கடினமான அக்ரிலிக்கில, எல்லாப் பல்லையும் மூடினதா, இரவில மட்டும். முன்பல்லை மட்டும் பிடிக்கிற சின்னப் பிளேட்டை பகலும் இரவும் போட்டால் பின்பல்லு எழும்பிக் கடியே மாறிப்போகும். ஒன்லைனில வாங்கி சுடுதண்ணியில போட்டுக் கடிக்கிற ரப்பர் சாமானை நான் விரும்புறேல்லை, மெத்தெண்டு இருந்தால் சிலர் இன்னும் கூடச் சப்புவினம். பிளேட் தந்திட்டு 'சரி போங்கோ' எண்டு அனுப்பிற டொக்டர் வேலையைப் பாதியில விட்டிட்டார், கடிச்சுப் பார்த்துத் திருத்த ரெண்டு மூண்டு தரமாவது வரச்சொல்லவேணும்.

பல்லை அராவுற கதைக்கு வாறன், இதை எழுதத்தான் முக்கியமா உக்காந்தன். கடி பிழைச்சால் தாடை மூட்டுப் பிழைக்கும் எண்ட நினைப்பு பழசு. 1934 இல கொஸ்ரன் எண்ட அமெரிக்கக் காது மூக்கு டொக்டர் ஒருத்தர், பின்பல்லு போய் தாடை கூட மூடுறதாலதான் காது நோ, தலையிடி எல்லாம் எண்டு எழுதினவர், அதுவும் 11 நோயாளியளைப் பார்த்து. அதுக்குப் பிறகு பல் வைத்தியம் அரை நூற்றாண்டுக்கு மேல கடிக்குப் பின்னால ஓடினது. இப்ப கிடைக்கிற ஆதாரத்தின்படி, கடி இந்த நோவுக்கு முக்கிய காரணமில்லை, பல்லை அராவுறதால நோ மாறுது எண்டதுக்கு ஆதாரமும் இல்லை. ஒரேயொரு விலக்கு: புதுசா அடைச்ச பல்லோ புதுசா வைச்ச கப்போ உயரமா இருந்து, அண்டையில இருந்துதான் நோ எண்டால் அந்த உயரத்தை எடுக்கலாம், எடுக்கவும் வேணும்.

நான் இதைச் சுத்தமான கையோட சொல்லேல்லை. தொழில் தொடங்கின காலத்தில ஒரு ரீச்சர் அம்மா வந்தவ, உங்களை மாதிரித்தான், வலப்பக்கம். நான் நீலக் கடதாசியைக் கடிக்கவிட்டு, நிறம் பட்ட இடமெல்லாம் அராவினன். ஒரு மாசம் சுகம். பிறகு நோ திரும்பி வந்தது, வேற இடத்தில உயரம் எண்டு திரும்ப அராவினன். நாலாம் தரம் வரேக்க அவவுக்கு நோவை விட 'என்ர பல்லு எங்க கடிக்கிறதெண்டு தெரியேல்லை டொக்டர்' எண்டதுதான் பெரிய வேதனையாப் போச்சு. அந்த உணர்ச்சி வந்தால் லேசில போகாது, நாள் முழுக்க நாக்கும் மனமும் பல்லிலயே நிக்கும். அராவி எடுத்த எனாமலை, பல்லின்ர கடினமான வெளிப்படையை, எந்த டொக்டராலயும் திருப்பி வளர்க்க ஏலாது. முதல் மாசம் சுகம் வந்ததும் நான் அராவினதால இல்லை, இந்த நோவுக்கு இயல்பே கூடிக் குறையிறதுதான், அண்டைக்கு நான் என்ன செய்திருந்தாலும் ஓரளவு குறைஞ்சிருக்கும். இது எனக்கு விளங்கப் பல வருசம் எடுத்தது, அவவிட்ட மன்னிப்புக் கேட்டிருக்கிறன். அதால உங்களிட்டச் சொல்லுறன், அராவ விடாதேங்கோ. அந்த டொக்டரில கோவிக்கவும் வேண்டாம், எங்கட படிப்பில தாடை மூட்டுக்கு ஒதுக்கின நேரம் கொஞ்சம், அமெரிக்காவில கூட வாய் முக நோவை ஒரு தனிச் சிறப்புத்துறையா ஏற்றது 2020 இலதான். நாங்கள் கையில கருவியோட வளர்ந்த ஆக்கள், ஏதாவது செய்யாமல் நோயாளியை அனுப்ப மனம் வராது. இன்னுமொண்டு, அரை மணித்தியாலம் இருந்து கதைச்சதுக்கு ஆரும் காசு குடுக்க விரும்புறேல்லை, அராவினால் குடுப்பினம்.

கம்பியும் அதே மாதிரித்தான். பல்லு வடிவா அடுக்கா வரவேணும் எண்டு உங்களுக்கு ஆசையிருந்தால் போடுங்கோ, அது வேற காரணம், நோ அடங்கினாப் பிறகு போடலாம். தாடை நோ மாறும் எண்டு சொல்லிப் போடச்சொன்னால் வேண்டாம் எண்டு சொல்லலாம். நோ இல்லாத ஞானப்பல்லைத் தாடைச் சத்தத்துக்காகப் பிடுங்கிறதும் அப்பிடித்தான். கன்னத் தசைக்குப் போடுற பொட்டொக்ஸ் ஊசியை இப்ப கனபேர் கேக்கினம், சிலருக்குச் சில மாசம் குறையுது, ஆனால் அது முதல் வைத்தியமா வாற அளவுக்கு ஆதாரம் இன்னும் இல்லை, நான் போடுறேல்லை.

சென்னைக்குப் போகச் சொன்ன மாமியிட்ட அன்பா ஒரு விசயம் சொல்லுங்கோ. ஒரு மாச நோவுக்கு, வாய் திறக்கிற ஆளுக்கு, ஒப்பறேசன் எண்ட பேச்சே வரக்கூடாது. 1980களில அமெரிக்காவில நழுவின தட்டை எடுத்திட்டு டெஃப்லோன் பூசின செயற்கைத் தட்டு வைச்சவை. அது சப்புற பாரம் தாங்காமல் துகளா உடைஞ்சு எலும்பையே அரிச்சு, கனபேரின்ர வாழ்க்கை பாழாப்போனது, பிறகு அரசாங்கம் தலையிட்டு அதை நிப்பாட்டினது. ஒப்பறேசன் தேவைப்படுற ஆக்கள் இருக்கினம், மூட்டு எலும்பு ஒட்டிப்போனவை, கட்டி வந்தவை, மோசமா முறிஞ்சவை. அவை கொஞ்சப் பேர், அவையை நாங்கள் முகத்தாடை சத்திரசிகிச்சை நிபுணரிட்ட அனுப்புவம்.

ஒரு விசயம் எழுதத் தயங்கினன், ஆனாலும் எழுதுறன். நித்திரை இல்லாததும் மனப்பாரமும் இந்த நோவைக் கூட்டும், இது நல்லா ஆராய்ஞ்ச விசயம். ஆனால் நான் அதைக் கேட்டால் எங்கட ஆக்கள் உடன 'அப்ப எனக்கு விசர் எண்டோ சொல்லுறியள்' எண்டு கேப்பினம். இல்லை. நோ உண்மை, தசை உண்மையிலேயே இறுகுது. ஒரு அம்மா, மகனைத் தேடிக்கொண்டிருக்கிற அம்மா, தாடை நோ எண்டு வந்தவ. கன்னத் தசை ரெண்டும் கல்லு மாதிரி. அமத்திப் பார்க்கேக்க அழத் தொடங்கிட்டா, எனக்கு நோவில அழுறாவோ வேறயோ எண்டு தெரியேல்லை. அண்டைக்கு நான் பிளேட்டுக்கு அளவு எடுக்கேல்லை, கதைக்க விட்டிட்டு இருந்தன், துவாய் ஒத்தடமும் அப்பியாசமும் சொல்லி, மனநலப் பிரிவில எனக்குத் தெரிஞ்ச டொக்டரிட்டக் கடிதம் குடுத்தன். பாரம் போகேல்லை, எப்பிடிப் போகும், ஆனால் மூண்டு மாசத்தில பாண் கடிச்சுச் சாப்பிட்டா. பல்லு டொக்டர் மனசைப் பற்றிக் கேட்டால் அது வழி தவறின கேள்வி இல்லை எண்டு சொல்லத்தான் இதை எழுதினது. நீங்கள் சோதனைக்குப் படிச்சுக்கொண்டு வேலைக்கும் போறன் எண்டு ஒரு வரியில எழுதியிருக்கிறியள், அதையும் டொக்டரிட்டச் சொல்லுங்கோ.

ரெண்டு நிலமையில மட்டும் பொறுத்திருக்க வேண்டாம். ஒண்டு, கொட்டாவி விட்டாப் பிறகு வாய் திறந்தபடியே மூட ஏலாமல் நிக்கிறது. பயப்பிடாமல், நாடியை அடிச்சு மூடப் பாக்காமல், நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. பின்பல்லுப் பக்கம் பெருவிரலை வைச்சுக் கீழுக்கும் பின்னுக்கும் அமத்தித் திருப்பி இருத்துவினம், சீக்கிரம் போனால் லேசு, பிந்தினால் தசை இறுகிக் கஸ்ரம். மற்றது உங்களுக்கு நடக்கக்கூடியது: இவ்வளவு நாளும் கேட்ட 'டக்' சத்தம் திடீரெண்டு நிண்டு, அதோட வாய் ரெண்டு விரலளவுக்கு மேல திறக்காமல் போறது. சத்தம் நிண்டிட்டுது எண்டு கனபேர் சந்தோசப்படுவினம், ஆனால் அது தட்டு முன்னுக்கே மாட்டிக்கொண்டு தலை அதைத் தாண்ட ஏலாமல் நிக்கிறது. கெதியாப் போனால் கையால அசைச்சே விடுவிக்கப் பாக்கலாம், இல்லாட்டில் மூட்டுக்குள்ள ஊசியால கழுவி விடுறது எண்டு சின்ன வைத்தியம் இருக்கு. பிந்திப் போனவையும் அப்பியாசத்தோட மாசக்கணக்கில பெரும்பாலும் தேறி வருவினம், ஆனால் ஏன் பிந்துவான்.

இனி உங்கட அலுவல். ஓம், சாதாரண பல் டொக்டரிட்டயே போங்கோ, உங்களுக்கு வசதியெண்டால் அரசாங்க ஆஸ்பத்திரி பல் கிளினிக்குக்கு, காசும் போகாது. அவர் வாயை அளந்து, கன்னத்தை அமத்திப் பார்த்து, என்ன நடக்குது எண்டு உங்களுக்கு விளங்கச் சொன்னால் அவரோட நில்லுங்கோ. 'இப்ப செய்யப்போறதைப் பிறகு திருப்பி எடுக்க ஏலுமோ' எண்டு ஒரு கேள்வி கேளுங்கோ, ஏலாது எண்டால் வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு வாங்கோ. ஆறு கிழமை ஒழுங்காச் செய்தும் ஒரு மாற்றமும் இல்லை, இல்லாட்டில் வாய் திறக்கிறது குறைஞ்சுகொண்டு போகுது எண்டால் யாழ் போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் கேளுங்கோ, அங்கயும் பாத்து இன்னும் தேவையெண்டால் பேராதனைக்கோ கொழும்பு தேசிய பல் வைத்தியசாலைக்கோ அவையே அனுப்புவினம்.

இண்டைக்கு இரவு படுக்கேக்க மூண்டு விரலை வைச்சுப் பார்த்து, போகுதோ இல்லையோ எண்டு திகதியோட ஒரு கொப்பியில எழுதுங்கோ. கிழமைக்கு ஒருக்கா அதே மாதிரி. அந்தக் கொப்பியையும் கொண்டு போங்கோ, எனக்கு நோயாளி கொண்டுவாற எக்ஸ்ரேயை விட அது கூட உதவும்.